கிடைத்தது என்று சொன்ன பக்கம்

கஜேந்தினிக்கு ஒரு மனிதரை ‘இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பத் தெரியாது. அதைக் குணம் என்றும் சொல்லலாம், குறை என்றும் சொல்லலாம். ஜெயபுரத்தில் அவளுடைய வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டால் தாய் ஞானேஸ்வரி “அரிசி நிறைஞ்சு போச்சு” என்பார். வந்தவர் எதைக் கேட்டாலும் “பாப்பம், பாப்பம்” என்று இழுப்பார்களே தவிர, மாட்டோம் என்ற சொல்லை அந்த வீட்டு வாய்கள் பழகவில்லை. வன்னியில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். இந்த வீட்டில் கொஞ்சம் அதிகம். அதற்குக் காரணமும் இருந்தது.

தகப்பன் முத்துலிங்கம் ஆயுள் முழுவதும் வரிசையில் நின்ற மனிதர். மலைநாட்டுத் தோட்டமொன்றில் பிறந்து, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வைக்கப்பட்ட நாளில் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஓடி, லொறியேறி வன்னிக்கு வந்தவர். காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டார். சண்டையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தார். முகாமில் கம்பி வேலிக்குள் இருந்தார். பிறகு அதே காணிக்கு வந்து மறுபடியும் பற்றை வெட்டினார். தண்ணீருக்கு வரிசை, தகரத்துக்கு வரிசை, அடையாள அட்டைக்கு வரிசை. முன்னால் போய்ச் சேரும்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து பாராமலே “உங்கட பேர் இதில இல்லை” என்பார். முத்துலிங்கம் ஏன் என்று கேட்டதில்லை. “சரிங்க” என்று சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடப்பார். அந்தக் கையில் தொங்கிக்கொண்டு போனவள்தான் கஜேந்தினி. அவர் திரும்பும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வார் என்பது அவளுக்கு மனப்பாடம்.

அவள் படித்தாள். நெளுக்குளத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கி, வவுனியாவில் கணினி படித்து முடித்தாள். கிளிநொச்சியில் ரயர் கடைக்கு மேல்மாடியில் பிரசாந்தன் என்பவர் நடத்திய சிறிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கடைகளுக்கும் சங்கங்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுக்கும் வேலை. கீழே ரயருக்குக் காற்றடிக்கும் சத்தம், மேலே நான்கு கணினி. கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தாள். அண்ணன் மதுசன் கட்டாரில் பார ஊர்தி ஓட்டினான். வீடு ஒருமாதிரி நிமிர்ந்து வந்த நேரத்தில்தான் முத்துலிங்கத்தின் கால்கள் வீங்கத் தொடங்கின.

சிறுநீரகம். அந்தப் பக்கத்தில் இது புது வியாதி இல்லை. கிழமைக்கு இரண்டு தடவை நகர ஆசுபத்திரிக்குப் போய் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். முத்துலிங்கம் அதை “ரத்தம் கழுவுறது” என்பார். ஒரு தடவை தவறினால் உடம்பில் நீர் சேரும். அடுத்ததும் தவறினால் அது நெஞ்சுக்கு ஏறும். டொக்டர் இதைக் கஜேந்தினிக்கு முன்னால் வைத்தே சொன்னார். ஜெயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவதென்றால் பூநகரி சுற்றி, பரந்தனில் இறங்கி மாறி, நோயாளி வந்து சேரும்போது பாதி உயிர்தான் மிஞ்சும். நல்லகாலம், வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் சேர்ந்து ஒரு உதவிச் சங்கம் அமைத்து, இப்படிப்பட்டவர்களை ஏற்றி இறக்க ஒரு வான் விட்டார்கள். யார் எந்த நாளில் வருகிறார்கள் என்று போனிலேயே பதிவதற்கு ஒரு தளம் தேவைப்பட்டது. அந்த வேலை பிரசாந்தனின் நிறுவனத்துக்கு வந்தபோது கஜேந்தினி கதிரையை விட்டு எழும்பி நின்று அவரிடம் கேட்டாள்.

“அண்ணா, இதை நான் செய்யிறன். அப்பா போற வான்.”

செய்தாள். முத்துலிங்கத்துக்குத் தலைகால் தெரியவில்லை. சந்தியில் கண்டவர் நின்றவருக்கெல்லாம் போனை நீட்டி, “இது என்ர புள்ள செஞ்சது. கிளார்க்கும் இல்ல, மேசையும் இல்ல. விரலால அமத்தினா வான் வரும்” என்றார். அமத்தினார், வான் வந்தது. அதைவிடப் பெரிய வித்தையை அவர் தன் வாழ்நாளில் கண்டதில்லை.

ஆனால் தளம் என்றால் சில நேரம் இடறும். ஒருவர் திகதியை மாற்றி அடிப்பார், ஒருவருக்கு நடுவில் சிக்னல் போகும். அப்போதெல்லாம் திரையில் சிவப்பு எழுத்து வந்தது: ‘தவறு ஏற்பட்டுள்ளது’. நகரத்துப் பிள்ளைகள் என்றால் இன்னொரு தடவை அமத்துவார்கள். இந்தச் சனம் அமத்தவில்லை. சிவப்பைக் கண்டதும் போனை மூடி வைத்துவிட்டு, தங்கள் பெயரை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிட்டது. சங்கத்தின் வேலைகளைப் பார்க்கும் கமலாசனி அன்ரி ஒருநாள் மூச்சிரைக்க மேல்மாடிக்கு ஏறி வந்தார்.

“பிள்ளை, அந்தச் சிவப்பு எழுத்தை எடுத்துவிடும். அக்கராயனில ஒரு மனுசி தன்ர பேரை ஆரோ அழிச்சுப் போட்டினம் எண்டு அழுதுகொண்டு படுத்திருக்கிறா. ஏன் கேக்கேல்லை எண்டு கேட்டன். கேட்டு என்ன, இல்லையெண்டுதானே சொல்லுவினம் எண்டுறா.”

கஜேந்தினிக்கு அந்த மனுசியின் முகம் தெரியாது. ஆனாலும் தெரிந்த முகம்தான் கண்ணுக்குள் வந்தது. அன்றைக்கே உட்கார்ந்தாள்.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இணையத்தளங்களை யாரும் அடியிலிருந்து கட்டுவதில்லை. பிறேம்வேர்க் என்று ஒரு ஆயத்தக் கட்டமைப்பு இருக்கிறது, அதன்மேல் எழுதுவார்கள். நடுவில் ஏதாவது ஒரு படி பிழைத்தால், அந்தப் படி வேலையை நிறுத்திவிட்டுப் பிழையை மேலே எறியும். மேலே உள்ள படி அதைப் பிடித்துச் சரிப்படுத்தலாம். இல்லாவிட்டால் அதுவும் எறியும். ஒருவரும் பிடிக்காமல் கடைசிவரை வரும் பிழை ஒரு பொது இடத்தில் வந்து விழும். அந்த இடத்தில் என்ன செய்வது, பார்ப்பவருக்கு எதைக் காட்டுவது என்று எழுதுகிறவர் தீர்மானிக்கலாம். கஜேந்தினி அங்கே சில வரிகள் எழுதினாள். எந்தப் பிழை வந்து விழுந்தாலும் அதை லொக் எனப்படும் பதிவுக் கோப்பில் எழுதி வை. பார்ப்பவருக்குப் பச்சை நிறத்தில் ஒரு பக்கத்தைக் காட்டு. பக்கத்தில் இப்படி இருந்தது: ‘உங்கள் பதிவு கிடைத்தது. நன்றி.’

பிரசாந்தன் அதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கிறீர். பதியவே இல்லாததைக் கிடைச்சதெண்டு சொல்லலாமோ?”

“எங்களுக்குக் கிடைக்கும்தானே அண்ணா, லொக்கில. நான் ஒவ்வொரு நாளும் காலமை பாப்பன். விழுந்த ஆக்களின்ர பேரைக் கமலாசனி அன்ரியிட்டக் குடுப்பன். அவா கோல் எடுத்துப் பதிஞ்சு விடுவா. சனத்துக்கு அந்தப் பயம் வேண்டாம்.”

“நீர் ஒரு நாள் பாக்காட்டி?”

“பாப்பன்.”

பொய் சொல்லவில்லை, பார்த்தாள். காலையில் வந்ததும் தேத்தண்ணி குடிக்குமுன் லொக்கைத் திறப்பாள். இரண்டு பேர், மூன்று பேர் விழுந்திருப்பார்கள். பெயர்களை அன்ரிக்குச் சொல்லுவாள், அன்ரி அழைத்துப் பேசுவார், வான் போய் ஏற்றும். யாருக்கும் தாங்கள் தவறி விழுந்தது தெரியாது, ஏந்திப் பிடித்ததும் தெரியாது. பல மாதங்கள் இப்படியே ஓடின. அந்த நாட்களில் கஜேந்தினி எவ்வளவு சந்தோசமாக இருந்தாள் என்பதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். ஒரு சனத்துக்கே இல்லை என்ற சொல்லைக் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறாள். வேறு என்ன வேண்டும்?

பிறகு தளத்தின் முகப்பில் இருந்த ஒரு சிறிய படம் எப்படியோ தொலைந்தது. வானின் படம், நகம் அளவு. அது இல்லாவிட்டாலும் ஒருவருக்கும் நட்டம் இல்லை. ஆனால் யார் தளத்தைத் திறந்தாலும் ‘படத்தைக் காணவில்லை’ என்று லொக்கில் ஒரு வரி விழுந்தது. காலையில் திறந்தால் திரை நிறைய அதே வரி. ஓயாமல் குரைக்கிற நாய்க்கு யார் எழும்பிப் போய்ப் பார்ப்பது? அவள் முதலில் வரிகளைத் தள்ளித் தள்ளித் தேடினாள். பிறகு மேலோட்டமாகப் பார்த்தாள். அந்தப் படத்தைத் திரும்பப் போடுவது சின்ன வேலைதான். சின்ன வேலை என்பதாலேயே நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போனது. நகரத்து நகைக்கடை ஒன்றின் தளத்தை வேறு அவசரமாக முடிக்கச் சொல்லிப் பிரசாந்தன் அவள் தலையில் கட்டியிருந்தார். லொக்கைத் திறக்காத காலைகள் வரத் தொடங்கின.

அந்தச் சமயத்தில் சங்கம் இரண்டாவது வான் வாங்கியது. எந்த ஊரை எந்த வான் ஏற்றுவது என்று எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. கஜேந்தினியே எழுதினாள். ஒவ்வொரு ஊராகப் பெயரைக் கொடுத்துச் சரியாகப் பதிகிறதா என்று பார்த்தாள். ஜெயபுரத்தை மட்டும் பார்க்கவில்லை. சொந்த ஊர்தானே, அதில் என்ன பிழைக்கப் போகிறது என்று விட்டாள். பழைய வானின் கீழ் இருந்த ஜெயபுரம் புதிய வானின் கீழ் ஏறவே இல்லை. அந்த ஊரிலிருந்து யார் பதிந்தாலும் தளம் வானைத் தேடும், காணாது, பிழையை எறியும். பொது இடத்தில் இருந்த வரிகள் அதைப் பிடிக்கும். பச்சைப் பக்கம் வரும்.

அவள் நகைக்கடை வேலையில் மூழ்கியிருந்தாள். நகரத்தில் தங்கியிருந்த அறையை விட்டு வீட்டுக்குப் போகவில்லை, போனில் மட்டும் கதைத்தாள்.

“அப்பா போயிட்டு வந்திட்டாராம்மா?”

“ஓம் புள்ள. வந்து படுத்திருக்கிறார். நல்லா இருக்கிறார். நீ சாப்பிட்டியா?”

அடுத்த தடவையும் அதே கேள்வி, அதே பதில். ஞானேஸ்வரியின் குரலில் ஒரு இடறல் இருந்ததா என்று அவள் பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். இருக்கவில்லை. நல்ல சொல்லைச் சொல்லிச் சொல்லித் தேறின குரல் அது, எங்கே இடறும்?

ஒரு காலையில் தாயின் அழைப்பு வந்தது. “அப்பாவுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குது புள்ள. அம்புலன்ஸில ஏத்தியாச்சு. நீ பதறாம ஆசுபத்திரிக்கு வா.” கஜேந்தினி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள். வாசலில் வண்டி நின்றது. பின் கதவு திறந்திருந்தது. ஞானேஸ்வரி கீழே இறங்காமல் உள்ளேயே இருந்தார். வண்டியில் வந்த பிள்ளை மெல்ல இறங்கி வந்து, பரந்தனைத் தாண்டும்போதே முடிந்துவிட்டது என்றான்.

அழுதாள். அதை எழுதி என்ன. தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை எப்படி அழுமோ அப்படி அழுதாள். பிறகு வெளி வாங்குப் பலகையில் தாயின் பக்கத்தில் இருந்துகொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“போன முறை ரத்தம் கழுவினவரா அம்மா?”

ஞானேஸ்வரி சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “வான் வரல்ல புள்ள.”

“அதுக்கு முதல்?”

“அதுக்கு முதலும் வரல்ல. விடியக் காத்தால இருந்து சந்தியில நின்டோம். பிறகு பஸ் எடுத்து வந்தோம். வந்து சேர மத்தியானம் ஆயிருச்சு, மெசினில எல்லாம் ஆள் இருந்திச்சு. நர்ஸ் மிஸ் நல்ல புள்ள, ராவைக்கு வாட்டில நில்லுங்கோ, நாளைக்குக் காலமை போட்டு விடுறன் எண்டு கெஞ்சிச்சு. இந்த மனுசன் கேட்டாத்தானே! போனைத் தூக்கிக் காட்டினார். அடுத்த முறைக்குப் பதிஞ்சாச்சு மிஸ், கிடைச்சதெண்டு போட்டிருக்கு பாருங்க, இது என்ர புள்ள செஞ்சது, பொய் சொல்லாது எண்டார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டன். அடுத்த முறையும் சந்தியில நின்டோம், வான் வரல்ல, பஸ்ஸில ஏற அவருக்கு ஏலாமப் போச்சு.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை? நான் கேட்டனான்தானே!”

“அவர்தான் சொல்ல வேணாமெண்டார். வான் வரல்லையெண்டா அது உன்ர வேலையில பிழையெண்டு ஆகிரும், முதலாளி உனக்கு ஏசுவார் எண்டு பயந்தார். டிரைவருக்கு ஒரு கோல் எடுங்களேன் எண்டு சொன்னன் புள்ள. எடுத்தா, புள்ள செஞ்சதுல குறை சொன்ன மாதிரி எண்டிட்டார்.”

ஜெயபுரத்தில் இன்னும் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள். வான் வராத அன்றைக்கே அவர்கள் சாரதியை அழைத்துக் கத்தினார்கள். அடுத்த தடவை, பெயர் பதிவில் இல்லாவிட்டாலும் சாரதி அவர்களை அவர்களுடைய வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போனார். முத்துலிங்கம் பதிந்திருக்கிறார் என்பதே அவருக்குத் தெரியாது. சந்திப் பக்கம் அவர் வரவில்லை. தளத்தை முழுதாக நம்பியவர் அந்த ஊரில் ஒரே ஒருவர்தான்.

கஜேந்தினி தகப்பனின் போனை வாங்கித் திறந்தாள். பச்சைப் பக்கம் அப்படியே இருந்தது. ‘உங்கள் பதிவு கிடைத்தது. நன்றி.’ தான் எழுதிய வாக்கியம்தான். தன்னுடைய போனில் லொக்கைத் திறந்து, காணாமற்போன படத்தின் வரிகளைத் தள்ளிக்கொண்டே போனாள். விரல் நோகத் தள்ளினாள். நடுவில் கிடந்தது: ‘ஜெயபுரம்: வான் இல்லை.’ கொஞ்சம் கீழே இன்னும் சில. தளம் தன் கடமையைச் செய்திருந்தது. இல்லை என்பதை இல்லை என்றே, அவளிடம், அவளிடம் மட்டும் சொல்லியிருந்தது. அவள் பார்க்கவில்லை.

அந்த நிலையிலும் அவளுக்கு ஒரு யோசனை ஓடியது: நாளைக்கும் யாராவது பதிவார்கள். பிரசாந்தனை அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள். நான் அப்பவே சொன்னனான் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஒரு பெருந்தன்மைக்காகவே அந்த மனிதரைக் கும்பிடலாம்.

“நான் இப்பவே பாக்கிறன் தங்கச்சி. நீர் அதை யோசிக்காதேயும்.”

“அந்தப் பொது இடத்தில இருக்கிற வரியளை எடுத்துவிடுங்கோ அண்ணா. பதியாட்டி, பதியேல்லை எண்டு போடுங்கோ. டிரைவரின்ர நம்பரைக் கீழ போடுங்கோ.”

“என்ன நிறத்தில?”

“சிவப்பில.”

மத்தியானம் தாண்டித்தான் உடலைக் கொடுத்தார்கள். ஜெயபுரத்து முற்றத்தில் பந்தல் போட்டார்கள். தாயின் தம்பி ஜனகன் வந்து எல்லாவற்றையும் பொறுப்பெடுத்தார். சனம் வந்தது, பறை வந்தது. மதுசனுக்கு இன்னும் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. ஜனகன் கஜேந்தினியைக் குசினிப் பக்கம் கூப்பிட்டார்.

“அண்ணன்காரன் கோல் எடுப்பான். செத்திட்டார் எண்டு சொல்லிப்போடாத. தனிய இருக்கிறவன், அதோட வண்டி ஓட்டுறவன். அப்பாவுக்குக் கொஞ்சம் கடுமை, உடன வா எண்டு சொல்லு. வீட்ட வந்து சேரட்டும், மற்றதை நாங்க பாத்துக்குவம்.”

அதுவும் வழக்கம்தான். வன்னியில் தூரத்திலிருந்து வருகிற பிள்ளைக்கு மரணத்தை யாரும் போனில் சொல்வதில்லை. நோய் கடுமை என்பார்கள். வருகிறவன் வழி நெடுகச் சாமிகளுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டு வருவான். படலை வாசலில் பந்தலைக் கண்டுதான் தெரிந்துகொள்வான். அன்பினால் செய்வதுதான். அன்பு இல்லாத இடத்தில் இப்படியெல்லாம் நடக்காது, பட்டென்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. கஜேந்தினி போனை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டில் பக்கம் போனாள். ஜனகன் தூரத்தில் நின்று அவளையே பார்த்தார்.

“என்ன தங்கச்சி, காலமையில இருந்து ஒருத்தரும் போன் எடுக்கேல்லை? அப்பா எப்பிடி?”

“அண்ணா, வண்டி ஓட்டுறியா?”

“இல்லை, நிப்பாட்டித்தான் இருக்கு. ஏன்?”

“இறங்கி நில்லு. பக்கத்தில ஆராவது கூட்டாளி இருக்கினமோ?”

“இருக்கிறான். என்னெண்டு சொல்லு.”

“அப்பா செத்துப் போனார் அண்ணா. இண்டைக்குக் காலமை.”

அங்கே யாரோ வேற்று மொழியில் என்ன என்ன என்று கேட்பது கேட்டது. பிறகு மதுசன் ஒரு பெரிய சத்தம் போட்டு அழுதான். கஜேந்தினி போனைக் காதிலிருந்து எடுக்காமல் அந்த அழுகை முழுவதையும் கேட்டாள். நடுவில் வைத்துவிட்டுப் போக முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“முந்தநாள்தானே அம்மாவோட கதைச்சனான்,” என்றான் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “நல்லா இருக்கிறார் எண்டுதானே சொன்னவா.”

“ஓம் அண்ணா. எனக்கும் அப்பிடித்தான் சொன்னவா. அப்பாவுக்கு நானும் அப்பிடித்தான் சொன்னனான்.”

“நீ என்ன சொன்னனி? எனக்கு விளங்கேல்லை.”

ஜனகன் கையை ஆட்டி, போதும் வை என்று சைகை காட்டினார். அவள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, அண்ணனுக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.